இரண்டு கட்டைகளுக்கு நடுவே

புதைத்த கட்டை மேலே வந்திருந்தது.

குளிர்காலத்துக்காக ஊரெல்லாம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிய மறுநாள் அது. பின்னேரம் நாலரைக்கே ஸ்ரௌவ்வில்லில் வெளிச்சம் வடிந்து, வரிசையாய் நின்ற வீடுகளின் கூரைகளெல்லாம் ஒரே கூரையாய் ஒட்டிக்கொண்டது போலத் தெரிகிற நேரம். பச்சைக் குப்பைத் தொட்டியைப் பின்வளவுக்கு உருட்டிக்கொண்டு போன ஸ்ரீஸ்கந்தராசாவின் சப்பாத்து எதிலோ இடறியது. குனிந்து பார்த்தார். காய்ந்த புல்லை விலக்கிக்கொண்டு ஒரு அங்குலச் சதுரத்தில் இரும்புத் தலை ஒன்று நின்றது. அதன் ஒரு மூலை நசுங்கியிருந்தது. அந்த நசுக்கலை அவருக்கு நன்றாகத் தெரியும். ஓகஸ்ட் மாதம் சம்மட்டியால் ஏழு அடி போட்டு அதை ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கியபோது, நாலாவது அடி சறுக்கிப் பட்ட காயம் அது.

நிமிர்ந்து பக்கத்து வீட்டைப் பார்த்தார். ஸமீமின் குசினி யன்னலில் மஞ்சள் வெளிச்சம். வெங்காயம் பொரிகிற மணம். யன்னலில் ஆளில்லை. ஜக்கெற் பையிலிருந்து அளக்கிற ரேப்பை எடுத்து, தன் வீட்டுச் சுவரிலிருந்து கட்டைவரை பிடித்தார். ஓகஸ்டில் நூற்றுப் பன்னிரண்டு சென்ரிமீற்றர். இப்போது நூற்றொன்பது.

இன்னொருக்கால் பிடித்தார். நூற்றொன்பதுதான்.

யாரோ தோண்டியெடுத்து, இந்தப் பக்கம் தள்ளி நட்டிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ? அந்தப் பக்கத்தில் இருப்பது ஒரு வீடுதானே.

விசயம் தொடங்கினது வசந்த காலத்தில். டோர்செட் பார்க் மாடிவீட்டில் இருபத்திரண்டு வருசம் குடியிருந்து, கடைசியில் ஸ்ரௌவ்வில்லில் இந்த வீட்டை வாங்கி வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை, மகள் நிரூபா நாலு வயதுச் சுபாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு புருசனின் வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டாள். பிள்ளை யாரிடம் இருப்பது என்பது டிசெம்பர் பன்னிரண்டாம் திகதி கோட்டில் தீர்மானமாகும். தாய்க்குத் தனி வாசலோடு, நகரசபை ஒப்புக்கொண்ட இருப்பிடம் இருந்தால்தான் கதைக்கலாம் என்று வக்கீல் பெண் ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். வீட்டுக்குக் கீழே உள்ள பேஸ்மன்றை வீடாக்கலாம், பக்கச்சுவரை வெட்டிக் கதவு வைக்கலாம். ஆனால் அந்தக் கதவுக்குப் போகிற பாதை எந்த இடத்திலும் ஒன்று தசம் இரண்டு மீற்றருக்குக் குறையக்கூடாது. முன்பக்கம் தாராளமாக இருந்தது. எல்லை கொஞ்சம் சரிந்து ஓடியதால் பின்மூலையில் எட்டுச் சென்ரிமீற்றர் குறைந்தது. நாலு விரற்கடை.

காணி அளக்கிற சேவையர் கந்தோர் ஒன்றில் வேலை செய்கிற சிநேகிதர் பஸ்ரியன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே வந்து, காணிப் படத்தைக் குசினி மேசையில் விரித்து, தேத்தண்ணிக் கோப்பையை அதன் மூலைக்குப் பாரமாக வைத்துவிட்டு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். கோட்டின் மேல் எழுதியிருப்பது நீளம், பக்கத்தில் இருப்பது திசை, மூலையில் உள்ள சின்னச் சதுரம் நிலத்தில் அடித்த இரும்புக் கட்டை. "ஒண்டை மட்டும் ஞாபகம் வையுங்கோ அண்ணை. படம் ஒரு கதை சொல்லி, கட்டை வேறை கதை சொன்னால், நாங்கள் கட்டையைத்தான் நம்புவம். கடதாசியிலை பிழை வரும். நிலத்திலை நட்டது நட்டதுதான்."

பஸ்ரியன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஸ்ரீஸ்கந்தராசாவின் மண்டைக்குள் அது வேறு மாதிரி இறங்கியது. ஊரில் வேலி அடைக்கிற காலத்தில் ஆட்கள் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. பழைய வேலிக் கதியாலைப் பிடுங்கினால் பக்கத்துக் காணிக்காரன் கத்துவான். ஆகவே அதைப் பிடுங்காமல், அதற்கு அந்தப் பக்கம் நாலு விரற்கடை தள்ளிப் புதிதாக ஒன்றை நட்டுவிடுவார்கள். பழையது தன்பாட்டில் உக்கி மண்ணாகிப்போகும். பிறகு புதியதுதான் எல்லை.

அப்படியேதான் செய்தார். நிலத்துக்குள் நாலடி இறங்கி நின்ற இரும்பைப் பிடுங்க ஒரு ஆளால் ஏலாது என்பதும் ஒரு காரணம். ஏழு அடியில் அதைக் கண்ணுக்கு மறைத்துவிட்டு, ஸமீமின் பக்கமாக எட்டுச் சென்ரிமீற்றர் தள்ளி, வீடு கட்டுகிற இடமொன்றில் பொறுக்கிய கம்பித் துண்டை நட்டு, அதில் செம்மஞ்சள் நாடாவும் கட்டினார். நகரசபையிலிருந்து வந்த ஆள் அளந்து தலையாட்டிவிட்டுப் போனான். சுவரை வெட்டினார்கள். கதவு வந்தது. ஒக்ரோபரில் நிரூபாவும் பிள்ளையும் பேஸ்மன்றுக்குக் குடிவந்தார்கள்.

இரும்பு உக்காது. அதை அவர் யோசிக்கவில்லை.

அன்றிரவு சாப்பாட்டில் மனம் போகவில்லை. ஸமீம் நல்ல மனிசன்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பதினொரு வயதில் மற்ற முஸ்லிம் சனங்களோடு விரட்டப்பட்டு, ஒரு உடுப்புப் பையோடு புத்தளம் போய், அங்கிருந்து இங்கே வந்தவர். "ராசா அண்ணை" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அவர் மனைவி ஸகீனா வட்டிலப்பம் செய்தால் ஒரு கிண்ணம் இந்தப் பக்கம் வரும். இப்போது யோசிக்க யோசிக்க அந்தக் கிண்ணமே சந்தேகமாக இருந்தது. எதற்கு இவ்வளவு அன்பு? கண்டும் காணாத மாதிரி இருந்து, ஆறுதலாகத் திருப்பி அடிக்கிறாரா? கட்டை விசயம் வெளியே வந்தால் நகரசபை தந்த பேர்மிட் போகும். பேர்மிட் போனால் கதவு போகும். பிறகு டிசெம்பர் பன்னிரண்டில் நிரூபா என்னத்தைக் காட்டுவாள்?

மறுநாள் காலை கொப்பியொன்றில் திகதியும் அளவும் எழுதத் தொடங்கினார். பின்னேரம், பனி உருகத் தெருவுக்குப் போடுகிற உப்பில் ஒரு வாளி கொண்டுபோய், பழைய கட்டையைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு வெள்ளை வளையமாகத் தூவினார். உப்பு குலையாமல் எவனும் அதில் கைவைக்க ஏலாது.

விடிய எழும்பிப் போய்ப் பார்த்தார்.

உப்பு வளையம் குலையவில்லை. ஒரு கல்லுக்கூட அசையவில்லை. நடுவில் புல் மட்டும் இருந்தது. கட்டை வளையத்துக்கு வெளியே, அவர் வீட்டுச் சுவரின் பக்கமாக நின்றது.

எழுபத்தெட்டு என்று எழுதினார். கடைசி எட்டு வழுக்கிக்கொண்டு கோட்டுக்குக் கீழே போனது.

அதற்குப் பிறகுதான் சத்தம். பின்னேரம் ஐந்தரைக்கு, தெருவிளக்குகள் எல்லாம் எரியத் தொடங்கிவிடுகிற நேரத்தில், இரும்பில் இரும்பு படுகிற மாதிரி, நிலத்துக்கு அடியில், போர்த்துமூடிய சத்தம். எண்ணினார். ஏழு. நாலாவது மட்டும் சறுக்கினது போலச் சின்னதாகக் கேட்டது. மனைவி சந்திரவதனாவிடம் கேட்டதற்கு, வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸின் குழாய் சூடேறினால் அப்படித்தான் என்றார். அடுத்த நாளும் அதே நேரம். அதே ஏழு. சறுக்கல் உட்பட.

வியாழக்கிழமை குளிர்ப்பெட்டியின் கதவு, ஸமீம் வீட்டுப் பக்கத்துச் சுவரில் முட்டியது. பாலெடுக்கத் திறந்தவர், பாதிக்கு மேல் திறக்காமல் நிற்க, இழுத்து இழுத்துப் பார்த்தார். அந்தச் சுவருக்கும் குளிர்ப்பெட்டிக்கும் இடையில் அரிசி மூட்டை வைக்கிற சின்ன அலுமாரி ஒன்று இருந்தது. இப்போது அங்கே சுவர்தான் இருந்தது. அதே பூச்சு, அதே அழுக்கு.

"இதிலை இருந்த அலுமாரி எங்கை?"

சந்திரவதனா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "எதிலை? இஞ்சரப்பா, இந்தக் குசினியிலை அலுமாரிக்கு எங்கை இடம்? வந்த நாள் தொட்டு அரிசியை நான் கீழைதானே வைக்கிறன்."

அவர் கொஞ்ச நேரம் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். குளிர்ந்திருந்தது. ஈர மண்ணின் மணமும் துருவின் மணமும் அதிலிருந்து வந்தன.

பஸ்ரியனுக்குப் போன் எடுத்தார். தெரிந்த ஒருவரின் காணியில் நடந்தது மாதிரிக் கதையை மாற்றி, ஒரே மூலையில் இரண்டு கட்டை கண்டால் சேவையர்மார் என்ன செய்வார்கள் என்று கேட்டார். இரண்டையும் படத்தில் போடுவோம், மற்றதற்குப் பக்கத்தில் மூலம் தெரியாது என்று எழுதுவோம் என்று பஸ்ரியன் சொன்னார். பிறகு சிரித்தார். "நடுவிலை உள்ளது ஆருடையது எண்டுதானே கேக்கப்போறியள்? பழைய கட்டை வரைக்கும் இந்த ஆளுக்கு. புதுக் கட்டை வரைக்கும் அந்த ஆளுக்கு. நடுவிலை ஆருக்கும் இல்லை. அப்பிடி ஒரு நிலம் இருக்கக்கூடாது அண்ணை. இருந்தால் அது சும்மா கிடக்காது, ஆரும் ஒராள் வந்து குந்திவிடும்."

வெள்ளிக்கிழமை முதற்பனி தூவியது. கூரைகளில் படிந்தது, புல்லில் படிந்தது, பச்சைத் தொட்டியின் மூடியில் படிந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பட்டைக்கு மட்டும் படியவில்லை. கறுத்த மண்ணாக, ஈரமாக, உழுதது போலக் கிடந்தது.

ஐந்தரைக்குக் கொஞ்சம் முன்னே, கேட்டுவிடுவது என்று முடிவெடுத்து ரேப்போடு வெளியே இறங்கினார். ஸமீம் ஏற்கெனவே அங்கே நின்றார். அவர் கையிலும் ஒரு ரேப். முகத்தில் வழக்கமான சிரிப்பு இருந்தது; கண்ணில் இல்லை.

"உங்களைப் பார்க்கத்தான் வந்தன், ராசா அண்ணை. கேக்கிறன் எண்டு கோவிக்கக் கூடாது. ஏன் எங்கட பக்கம் வாறீங்கள்?"

"நானோ வாறன்? நீர் வாறீர் எண்டு கேக்க நான் வந்தால்..."

"பின்ன ஆர்? ஊரில விட்டிட்டு வந்த காணியில வேலி எப்பிடி நடந்தது எண்டு எங்கட வாப்பா மவுத்தாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அதே விளையாட்டை இஞ்சயும் காட்டுறீங்களோ?"

ஸமீம் தன் வீட்டுச் சுவரோரம் காட்டினார். செம்மஞ்சள் நாடா கட்டிய கம்பி. அது ஸமீமின் சுவரிலிருந்து அறுபத்துநாலு சென்ரிமீற்றரில் நின்றது. இந்தப் பக்கம் பழைய கட்டை ஸ்ரீஸ்கந்தராசாவின் சுவரிலிருந்து ஐம்பத்தெட்டில் நின்றது. இரண்டு பேரும் மாறி மாறி அளந்தார்கள். இரண்டு பேரும் இழந்திருந்தார்கள்.

ஸ்ரீஸ்கந்தராசா ரேப்பைச் சுருளவிட்டார். மறைத்து இனி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று பட்டது.

"அந்தக் கம்பியை நட்டது நான்தான். பிள்ளையின்ரை வாசலுக்காக. நாலு விரற்கடை."

ஸமீம் ஏசவில்லை. கறுத்த மண்ணைப் பார்த்தார். "பழசைப் பிடுங்கினீங்களா?"

"இல்லை."

"அப்ப நடுவில உள்ளது?"

ஸ்ரீஸ்கந்தராசா கட்டையடியில் குனிந்தார். ரேப்பின் கொழுக்கியைப் பழைய கட்டையில் மாட்டிவிட்டு, பெட்டியை ஸமீமிடம் எறிந்தார். கண்ணுக்கு நாலடி தூரம். ஸமீம் பிடித்துக்கொண்டு புதுக் கம்பியை நோக்கி நடந்தார். ரேப் நீண்டது. இரண்டு மீற்றர். மூன்று. ஸமீம் நடந்துகொண்டிருந்தார், நாலடியில்தான் தெரிந்தார், முகம் மட்டும் சின்னதாகிக்கொண்டு போனது. ஐந்து. ஆறு. எட்டு மீற்றர் ரேப் முழுதும் வெளியே வந்து கிளிக்கென்று நின்றபோதும் கம்பிக்கு அவர் கை எட்டவில்லை.

ரேப் நடுவில் தொய்ந்து மண்ணைத் தொட்டது.

பிறகு அந்த நடு இடம் மட்டும் மெல்ல எழும்பியது. யாரோ குனிந்து எடுத்து, என்ன இது என்று பார்ப்பது போல.

ஸமீம் பெட்டியைக் கைவிட்டார். ரேப் சீறிக்கொண்டு வந்து இந்தப் பக்கம் விழுந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஸமீமின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"ராசா அண்ணை. அந்தச் சுவரோட எங்களுக்கு ஒரு அறை இருந்தது. நேற்றிலிருந்து ஸகீனா அப்பிடி அறையே இல்லை எண்டுறா. உங்கட பக்கம் அந்தச் சுவரோட ஆர் படுக்கிறது?"

சுபாங்கி.

பக்கக் கதவுக்கு ஓடினார். கதவு இருந்த இடத்தில் செங்கல். கையால் தடவினார். ஒரு வெட்டுக்கூட இல்லை. எதற்காக இவ்வளவும் செய்தாரோ அந்தக் கதவு. நிலத்துக்கு அடியில் சத்தம் தொடங்கியது. ஒன்று. இரண்டு.

முன்வாசலால் ஓடினார். சந்திரவதனா ஏதோ கேட்டார். படியில் இறங்கும்போது நாலாவது அடி சறுக்கியது. இந்த முறை அது நிலத்துக்கு அடியில் இல்லை. வீட்டுக்குள்.

ஏழு.

நிரூபா கட்டிலில் இருந்துகொண்டு உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். அறையில் ஒரு கட்டில்தான். அதுவும் சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டு நின்றது. ஒக்ரோபரில் சின்னக் கட்டில் வைக்க இதே அறையை அவர் அளக்கிறபோதெல்லாம் சுபாங்கி ரேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடுவாள். மூலையில் போய் நின்று இரண்டு தரம் இழுப்பாள். "பிடிச்சிட்டன், அம்மப்பா" என்பதற்கு அடையாளம் அது. எப்போதும் இரண்டு தரம்.

"சுபாங்கி எங்கை, பிள்ளை?"

"ஆர், அப்பா?"

"சுபாங்கி."

நிரூபா சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "ஆரப்பா அது? ஆர் யூ ஓகே?"

மடித்துவைத்த உடுப்பில் சின்ன உடுப்பு ஒன்றுமில்லை. சுவரில் வருசம் முழுதும் ஒரே தாளில் உள்ள கலண்டர் தொங்கியது. டிசெம்பர் பன்னிரண்டைச் சுற்றி அவள் போட்ட சிவப்பு வட்டம் இல்லை. வெறும் பன்னிரண்டு.

கட்டிற்காலுக்கு ஒரு சாண் தள்ளி, கம்பளத்தைக் கிழித்துக்கொண்டு இரும்புத் தலை நின்றது. ஒரு மூலை நசுங்கியிருந்தது.

"எழும்பு பிள்ளை. மேலை போ. அம்மாவோடை போய் நில்."

"அப்பா..."

"போ எண்டால் போ."

அவள் போகிற காலடி படியில் கேட்டது. அவர் முழங்காலில் இருந்தார். சுவர் கம்பளத்தைத் தொடுகிற இடத்தில் மெல்லிய இடைவெளி. அதற்குக் கீழே, பாதி உள்ளே, பாதி வெளியே, ஒரு ரோசா நிறத் தலைமயிர்க் கிளிப். தொட்டார். சூடு இன்னும் ஆறவில்லை.

ரேப் எப்படிக் கையில் வந்தது என்று தெரியவில்லை. வெளியே விட்டுவிட்டு வந்ததாகத்தான் ஞாபகம். கொழுக்கியை இடைவெளிக்குள் விட்டுத் தள்ளினார். போனது. அரை மீற்றர். ஒன்று. அந்தப் பக்கம் சீமெந்து இருக்க வேண்டும், மண் இருக்க வேண்டும். போய்க்கொண்டே இருந்தது. மூன்று. நாலு. இலக்கங்கள் விரலுக்குக் கீழே ஓடின. ஏழு. எட்டு. கிளிக்.

நின்றது.

காத்திருந்தார்.

ஒரு சின்ன இழுப்பு. மென்மையாக.

இன்னொன்று.

"பிள்ளை," என்றார் சுவரோடு வாயை வைத்து. "இறுக்கிப் பிடி, ராசாத்தி. விட்டிடாதை. அம்மப்பா இழுக்கிறன்."

பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தார். அவர் இன்னும் இழுக்கத் தொடங்கவில்லை. ரேப் விறைத்தது.

மூன்றாவது இழுப்பில் பெட்டி அவர் கைகளோடு சுவர்வரை போனது.